மனுவில் இல்லாத வரி

மயிலாடுதுறை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஏதாவது ஒரு ஜெராக்ஸ் கடை வாசலில் அரை மணி நேரம் நின்று பாருங்கள். 'பயோடேட்டா டைப் பண்ணணும்ணே' என்று ஒரு பையன் வந்து நிற்பான். பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி, படிப்பு எல்லாம் மளமளவென்று ஓடும். 'எக்ஸ்பீரியன்ஸ்' என்ற இடம் வந்ததும் வண்டி நின்றுவிடும்.

திருப்பூரில் ஏழு மாசம். சென்னையில் ஒரு கூரியர் ஆபீஸில் நாலு மாசம். அப்புறம் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போக, ஊரோடு ஒன்றரை வருஷம். அந்த ஒன்றரை வருஷமும் பையன் சும்மாவா இருந்தான்? வயலுக்குத் தண்ணீர் கட்டினான். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தான். தங்கச்சி கல்யாணத்துக்குக் கடன் கேட்டு நாலு பேர் வீட்டுத் திண்ணையில் காத்துக் கிடந்தான். ஆனால், இதற்கெல்லாம் எந்த கம்பெனி சர்ட்டிபிகேட் தரும்?

'இந்த கேப்புக்கு என்னண்ணே போடறது?'

'அந்த நாலு மாசத்தை ஒண்ணே முக்கால் வருஷம்னு போட்டுடு தம்பி. யாரு பாக்கப் போறா?'

கடைக்காரர் நல்லெண்ணத்தில் சொல்கிற யோசனை இது. விபரீதமான யோசனை. அதைப் பிறகு பார்ப்போம். அந்தப் பையனின் கேள்வி நூறு வருஷத்துக்கும் மேல் பழசு. மயிலாடுதுறையில் ரயில் ஏறினால் முப்பது கிலோமீட்டர் சொச்சத்தில் வந்துவிடுகிற கும்பகோணத்துக்காரர் ஒருவரும் இதே கேள்வியோடு பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் கடைசியில் என்ன எழுதினார் என்பது நமக்குத் தெரியும்.

1912, பிப்ரவரி 9. சென்னை, திருவல்லிக்கேணி. இருபத்துநாலு வயது இளைஞர். கல்யாணமாகி இரண்டரை வருஷம் ஆகிறது. சென்னைத் துறைமுகக் கழகத்தில் ஒரு குமாஸ்தா வேலை காலி என்று கேள்விப்பட்டு மனு எழுதுகிறார். ஒரு பக்கம்கூட இல்லை. மெட்ரிகுலேஷன் பாஸ் செய்திருக்கிறேன், எஃப்.ஏ. வரை படித்தேன், அதற்கு மேல் படிக்க முடியாதபடி பல தடங்கல்கள் நேர்ந்துவிட்டன, ஆனாலும், என் நேரம் முழுவதையும் கணிதத்துக்கே கொடுத்து அதை வளர்த்து வருகிறேன், வேலை கொடுத்தால் நன்றாகச் செய்வேன் என்ற நம்பிக்கை இருக்கிறது, தயவுசெய்து கொடுங்கள். அவ்வளவுதான். கீழே கையெழுத்து: எஸ்.ராமானுஜன்.

ஆமாம், அதே ராமானுஜன்தான்.

அந்த 'பல தடங்கல்கள்' என்ற இரண்டு வார்த்தைக்குள் என்னவெல்லாம் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது என்று கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

அப்பா ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறவர். வீடு சாரங்கபாணி கோயில் சந்நிதித் தெருவில். டவுன் ஹைஸ்கூலில் பரிசு மேல் பரிசு. 1904-ல் உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். 'தென்னாட்டு கேம்பிரிட்ஜ்' என்று பெருமையாகச் சொல்லப்பட்ட கல்லூரி அது. கணக்கைத் தவிர வேறு எதிலும் மனசு போகவில்லை. ஆங்கிலத்தில் கோட்டைவிட, உதவித்தொகை போயிற்று. 1905-ல் யாரிடமும் சொல்லாமல் வீட்டை விட்டுக் கிளம்பி விசாகப்பட்டினம் வரை போய்விட்டார். திரும்பி வந்து, 1906-ல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். எஃப்.ஏ. பரீட்சையில் ஃபெயில். அடுத்த வருஷம் மறுபடி எழுதினார். மறுபடி ஃபெயில். அதற்கப்புறம் கல்லூரி வாசலை மிதிக்கவில்லை. 1909-ல் ஜானகியோடு கல்யாணம். 1910 தொடக்கத்தில் ஒரு ஆபரேஷன். ஃபீஸ் கொடுக்கப் பணமில்லை, டாக்டர் இலவசமாகச் செய்தார்.

இன்றைக்கு ஒரு இன்டர்வியூவில் இந்த ஐந்து வருஷத்தைச் சொல்லிப் பாருங்கள். எதிரே இருப்பவர் பேனாவை மூடி வைத்துவிடுவார்.

இதையெல்லாம் ராமானுஜன் மறைத்துவிட்டாரா? எஃப்.ஏ. பாஸ் என்று எழுதவில்லை, கவனியுங்கள். எஃப்.ஏ. 'வரை படித்தேன்' என்கிறார். பரீட்சையில் தேறவில்லை என்பது அந்த ஆங்கிலத்தைப் படித்த எந்த ஆபீஸருக்கும் புரிந்திருக்கும். அழுது புலம்பவுமில்லை. வீட்டை விட்டு ஓடியதும் ஆபரேஷனும் துறைமுகக் கழகத்துக்கு எதற்கு? இடைவெளிக்கு ஒரே ஒரு வாக்கியம். அந்த வாக்கியம் முடிந்த கையோடு, 'ஆனாலும்' என்று ஆரம்பித்து, அந்த நாளில் என்ன செய்தேன் என்பதற்கு இன்னொரு வாக்கியம். எனக்குத் தெரிந்து பயோடேட்டா எழுதுகிற கலையில் பாதி இந்த இரண்டு வாக்கியத்துக்குள் இருக்கிறது.

இன்னும் சுவாரஸ்யம், அந்த மனுவில் இல்லாத வரிகள்தான். 1912 ஜனவரி 12 முதல் சென்னை அக்கவுன்டன்ட் ஜெனரல் ஆபீஸில் ராமானுஜன் தற்காலிக வேலையில் இருந்தார். சம்பளம் மாதம் 20 ரூபாய். அது சில வாரங்களே நீடித்த வேலை. அதைப் பற்றி மனுவில் மூச்சே இல்லை. 'இப்போதுதானே அங்கே சேர்ந்தாய், அதற்குள் ஏன் இங்கே வருகிறாய்?' என்ற கேள்வி வேண்டாம் என்று நினைத்தாரா, அதெல்லாம் ஒரு அனுபவமா என்று விட்டுவிட்டாரா, ஊகிக்கத்தான் முடியும். எதுவானாலும் தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. பயோடேட்டா என்பது கோர்ட்டில் கொடுக்கிற பிரமாணப் பத்திரம் இல்லையே! நடக்காததை எழுதுவது பொய். நடந்ததில் சிலதை விடுவது, எதிரே இருப்பவருக்கு எது தேவை என்று யோசிப்பது. நேருக்கு நேர் கேட்டால் மட்டும் மறைக்கக் கூடாது.

இந்த வித்தையில் ராமானுஜனுக்கு முன்னோடி ஒருவர் உண்டு. 1482 வாக்கில் இத்தாலியில் முப்பது வயது ஓவியர் ஒருவர் மிலான் நகரத்து அதிபருக்கு வேலை கேட்டுக் கடிதம் தயார் செய்தார். பாலம் கட்டுவேன், கோட்டையை உடைப்பேன், பீரங்கி செய்வேன் என்று வரிசையாக எண் போட்டு அடுக்கிவிட்டு, கடைசியில் போனால் போகிறது என்பதுபோல், 'படமும் வரைவேன்' என்றார். லியனார்டோ டாவின்சி! சண்டைக்குத் தயாராகிற அதிபருக்கு பீரங்கிதான் முதலில் வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

ஆனால், ராமானுஜன் விட்ட இன்னொரு வரிதான் நம் வயிற்றெரிச்சலைக் கிளப்புகிறது. 1911-லேயே அவருடைய முதல் ஆராய்ச்சிக் கட்டுரை இந்தியக் கணிதக் கழகத்தின் பத்திரிகையில் வந்துவிட்டது. பெர்னோலி எண்களைப் பற்றிய கட்டுரை. அதை அவர் எழுதவே இல்லை! குமாஸ்தா வேலைக்கு பெர்னோலி எதற்கு என்ற கூச்சமாக இருக்கலாம். நம் டெல்டாக்காரர்களின் பரம்பரை வியாதி இது. செய்த வேலையைச் சொல்லிக்கொள்ள வாய் வராது.

நல்லவேளை, மனுவோடு ஒரு சிபாரிசுக் கடிதத்தை இணைத்திருந்தார். பிரசிடென்சி கல்லூரியின் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் கொடுத்தது. கணிதத்தில் அபூர்வமான திறமை உள்ள இளைஞர், எண்களைக் கையாள்வதில் படுவேகம் என்று அதில் இருந்தது. பேராசிரியர் விவரமானவர். குமாஸ்தா வேலைக்கு எந்தத் திறமை வேண்டுமோ அதைச் சொல்லிவிட்டார். மனுவில் இருந்த காலி இடத்தை இன்னொருவர் கையெழுத்து நிரப்பியது.

வேலை கிடைத்தது. 1912 மார்ச் 1-ம் தேதி கணக்குப் பிரிவில் சேர்ந்தார். மாதம் 30 ரூபாய்.

கதையை இங்கேயே நிறுத்தி, 'பார்த்தீர்களா, நேர்மையாக எழுதினால் வேலை நிச்சயம்' என்று சொன்னால் அது ஏமாற்று வேலை. அந்த ஆபீஸின் தலைமைக் கணக்கர் எஸ்.நாராயண அய்யர். அவரும் அதே கணிதக் கழகத்துக்காரர்! அதற்கு முன்னால் நடந்ததையும் பார்க்க வேண்டும். 1910-ல் ராமானுஜன் தன் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு திருக்கோவிலூருக்குப் போய், அங்கே டெபுடி கலெக்டராக இருந்த வி.ராமசாமி அய்யரிடம் ஒரு சின்ன உத்தியோகம் கேட்டார். கணிதக் கழகத்தைத் தொடங்கியவரே அவர்தான். நோட்டைப் புரட்டிப் பார்த்தவர், இந்த மேதையை ரெவின்யூ ஆபீஸின் அடிமட்டத்தில் போட்டு நசுக்க மாட்டேன் என்று உத்தியோகம் தர மறுத்து, அறிமுகக் கடிதத்தோடு சென்னைக்கு அனுப்பினார். அந்தக் கடிதம் ஆளுக்கு ஆள் கைமாறி, கடைசியில் நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் வரை போனது. அவர் சுமார் ஒரு வருஷம் மாதம் 25 ரூபாய் தன் கையிலிருந்து கொடுத்தார். எத்தனை நாள் இன்னொருவர் காசில் சாப்பிடுவது என்ற உறுத்தலில்தான் ராமானுஜன் வேலை தேடவே ஆரம்பித்தார். ஆக, கதவைத் திறந்தது அந்த நோட்டும், அதைப் பிரித்துப் பார்க்கச் சம்மதித்த நாலைந்து மனிதர்களும்தான். மனு அதற்குப் பிறகு வந்த சம்பிரதாயம். நோட்டு இல்லாதவனும், பிரித்துப் பார்க்க ஆள் இல்லாதவனும் அன்றைக்கும் வெளியேதான் நின்றான். அவன் பெயர் நமக்குத் தெரியாது.

மறு வருஷம், 1913 ஜனவரி 16-ம் தேதி, ராமானுஜன் இன்னொரு மனு போட்டார். கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்கு எழுதிய அந்த உலகப் பிரசித்தி பெற்ற கடிதத்தை நான் வேலை மனுவாகத்தான் படிக்கிறேன். இதில் ஆள் மாறிவிட்டார். நான் துறைமுக ஆபீஸில் சொற்பச் சம்பளக் குமாஸ்தா என்று முதல் வரியிலேயே போட்டு உடைக்கிறார். பல்கலைக்கழகப் படிப்பு இல்லை என்று தானே முந்திக்கொண்டு சொல்கிறார். பள்ளிக்கூடம் விட்டபின் கிடைத்த நேரத்திலெல்லாம் கணிதம் செய்தேன், எல்லோரும் போகிற பாதையில் போகாமல் எனக்கென்று புதுப் பாதை போட்டுக்கொள்கிறேன் என்கிறார். 'பல தடங்கல்கள்' இப்போது 'புதுப் பாதை' ஆகிவிட்டது. கூடவே, பக்கம் பக்கமாகத் தேற்றங்கள். இந்த முறை கூச்சப்பட்டு எதையும் விடவில்லை.

ஒரு சின்னக் குறும்பு. வயது 'சுமார் 23' என்று அதில் எழுதியிருக்கிறார். 1887 டிசம்பர் 22-ல் பிறந்தவருக்கு அப்போது 25 முடிந்துவிட்டது! இரண்டு வருஷத்தைக் காணோம். தவறா, தந்திரமா, தெரியாது.

ஹார்டி மிரண்டுபோனதும், சென்னைப் பல்கலைக்கழகம் விழித்துக்கொண்டதும் எல்லோரும் அறிந்த கதை. 1913-ல் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுக்க முடிவு செய்தபோது சட்டம் குறுக்கே வந்தது. அந்தத் தொகைக்கு எம்.ஏ. பட்டம் வேண்டும். இவரோ எஃப்.ஏ.கூடத் தாண்டாதவர். பல்கலைக்கழகத்தை உண்டாக்கிய சட்டத்தின் முகப்புரையிலேயே ஆராய்ச்சியை வளர்ப்பதும் அதன் வேலை என்று இருக்கிறதே என நீதிபதி சுந்தரம் அய்யர் எடுத்துக்காட்ட, விதி வளைந்தது. பதினாலு மாதத்தில் துறைமுக வேலைக்கு முழுக்கு. அதுவும் ஒரு குறுகியகால வேலைதான்!

மயிலாடுதுறையிலேயே ஒருவர் இருக்கிறாரே, அவரை விட்டுவிட்டுக் கும்பகோணத்துக்கு ஓடுவானேன் என்று உள்ளூர்க்காரர்கள் கோபிக்கலாம். வேதநாயகம் பிள்ளை. திருச்சி பக்கம் குளத்தூரில் 1826-ல் பிறந்து, திருச்சிக் கோர்ட்டில் ஆவணக் காப்பாளர், மொழிபெயர்ப்பாளர் என்று படியேறி, தரங்கம்பாடி, சீர்காழி என்று முன்சீப்பாகச் சுற்றி, மாயூரத்தில் பல வருஷம் முன்சீப்பாக இருந்தவர். ஊர் பெயரே அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. (1982-ல் ஊர் 'மயிலாடுதுறை' ஆன பிறகும் அவர் மட்டும் 'மாயூரம்' வேதநாயகம் பிள்ளைதான்.) 1872-ல் உத்தியோகத்தை விட்டு விலகினார். வயது நாற்பத்தாறு. பயோடேட்டா கணக்கில் அங்கேயிருந்து 1889-ல் அவர் இறக்கும்வரை 'கேப்'.

அந்த கேப்பில் நடந்தது: மாயூரம் நகராட்சித் தலைவர் ஆனார். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் ஜனங்கள் சுருண்டு விழுந்தபோது கஞ்சி ஊற்றினார். 1878-ல் 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை'. 1879-ல் தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திரம்' அச்சேறியது. 1887-ல் 'சுகுண சுந்தரி'. முன்சீப் வேதநாயகம் கொடுத்த தீர்ப்புகள் எந்தக் கட்டில் செல்லரித்துப் போயினவோ! சம்பளமில்லாத பதினேழு வருஷம்தான் இன்றைக்கும் அச்சில் இருக்கிறது.

'சார், அவர் ரிட்டையர்டு முன்சீப். சோற்றுக்குக் கவலையில்லை. நான் அப்படியா?' நியாயமான கேள்வி. இடைவெளி என்பது வசதி உள்ளவனுக்கு ஓய்வு, இல்லாதவனுக்குக் குற்றம் என்றுதான் உலகம் பார்க்கிறது. இத்தனைக்கும் நம் பக்கத்தில் அது விவசாயக் கூலிக்காரனின் காலண்டரிலேயே இருக்கிறது. தை, மாசியில் சம்பா, தாளடி அறுப்பு. அப்புறம் உளுந்தும் பயறும் எடுத்தால், ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து ஆற்றில் தண்ணீர் வரும்வரை வயலில் வேலை ஏது? திறப்பு தள்ளிப்போன வருஷங்களில் அந்த இடைவெளி மாசக்கணக்கில் நீண்டது. 'போன சித்திரையில் ஏன் சும்மா இருந்தாய்?' என்று நடவுக்கு வந்தவரிடம் எந்த மிராசுதாரும் கேட்டதில்லை. இந்தக் கேள்வி ஆபீஸ் மேஜையோடு பிறந்த கேள்வி.

ஜெராக்ஸ் கடைக்காரரின் யோசனைக்கு வருகிறேன். நாலு மாசத்தை ஒண்ணே முக்கால் வருஷம் ஆக்குவது ஒரு காலத்தில் ஓடியிருக்கும். 2014 முதல் பி.எஃப். பிடிக்கிற கம்பெனி எதில் வேலை பார்த்தாலும் ஆளுக்கு ஒரே எண், யூ.ஏ.என். எந்தத் தேதியில் சேர்ந்தான், எந்தத் தேதியில் விலகினான் என்று அத்தனை கம்பெனியும் அந்த எண்ணுக்குக் கீழே வரிசையாக நிற்கும். புதுக் கம்பெனி சரிபார்க்க இறங்கினால் பொய் நிமிஷத்தில் பல்லிளிக்கும். சேர்ந்த பிறகு மாட்டினால் வேலையும் போகும், பெயரும் போகும். அந்தப் பையனிடம் நான் சொல்வது: திருப்பூர் ஏழு மாசம், சென்னை நாலு மாசம் இரண்டையும் உள்ளது உள்ளபடி போடு. வெறும் மாசக் கணக்கோடு நிறுத்தாமல், அங்கே என்ன கற்றுக்கொண்டாய் என்று பக்கத்திலேயே எழுது. ஒன்றரை வருஷத்துக்கு, 'தந்தையின் உடல்நிலை காரணமாக ஊரில் இருந்து குடும்பத்தையும் விவசாயத்தையும் கவனித்தேன்' என்று ஒரே வரி. இரண்டாவது வரி வேண்டாம். தெரிந்த வாத்தியாரோ பழைய சூப்பர்வைசரோ ஒருவரிடம் நாலு வரி வாங்கி இணை. மிடில்மாஸ்ட் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை.

இடைவெளியையே தகுதியாக வைத்துக்கொண்ட ஆபீஸும் நம் நாட்டில் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். வேலைவாய்ப்பு அலுவலகம்! இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய சிப்பாய்களுக்கு வேலை தேடித் தர 1945-ல் தொடங்கிய ஏற்பாடு அது. தமிழ்நாட்டில் பல அரசு வேலைகளுக்குப் பதிவு மூப்புப்படி ஆள் எடுத்த காலத்தில், யார் அதிக வருஷம் வேலையில்லாமல் காத்திருந்தாரோ அவருக்கே முதல் மரியாதை. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கத் தவறினால் அத்தனை வருஷக் காத்திருப்பும் பாழ். தலை நரைக்கிற வயதில் இன்டர்வியூ கார்டு வாங்கியவர்கள் ஊருக்கு நாலு பேராவது இருந்தார்கள்.

இதைவிட விசித்திரமான இடைவெளிக்குச் சொந்தக்காரர், மயிலாடுதுறையை அடுத்த புத்தமங்கலத்தில் 1899-ல் பிறந்த ரா.கிருஷ்ணமூர்த்தி. அதாவது, கல்கி. காந்தியின் ஒத்துழையாமை அழைப்பைக் கேட்டு 1921-ல், பள்ளி இறுதிப் பரீட்சைக்குக் கொஞ்சம் முன்னால், படிப்பை உதறினார். 1922-ல் ஒரு வருஷம் ஜெயில். 1923-ல் திரு.வி.க.வின் 'நவசக்தி'யில் உதவியாசிரியர். ஐந்து வருஷத்தில் அதை விட்டார். திருச்செங்கோடு ஆசிரமத்தில் ராஜாஜியோடு 'விமோசனம்' நடத்தினார். பத்து இதழோடு அது முடிந்தது. 1930-ல் மறுபடி ஆறு மாசம் ஜெயில். அப்புறம் 'ஆனந்த விகடன்'. அதையும் 1941-ல் விட்டு, மூன்றாவது முறை ஜெயில். வெளியே வந்து சொந்தப் பத்திரிகை. படிப்பு பாதி, வேலைகள் துண்டு துண்டு, நடுவே மூன்று ஜெயில் வாசம்! பிரிட்டிஷ் சர்க்கார் ஆபீஸ் எதிலாவது இந்த பயோடேட்டாவை நீட்டியிருந்தால் போலீஸைக் கூப்பிட்டிருப்பார்கள்.

அவர் மட்டுமா? அதே 1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து தஞ்சாவூர், கும்பகோணம் வழியாக வேதாரண்யத்துக்கு உப்பு எடுக்க நடந்தவர்களும், அவர்களுக்குச் சோறு போடக் கூடாது என்ற கலெக்டர் தார்னின் உத்தரவை மீறி இலை போட்டவர்களும் ஜெயிலுக்குப் போனார்கள். திரும்பி வந்தபோது பலருக்கு வேலை இல்லை, படிப்பு இல்லை. 'உள்ளே இருந்துட்டு வந்தவன்' என்று பெண் கொடுக்கக்கூட யோசித்தார்கள்.

1972-ல், சுதந்திர வெள்ளிவிழாவுக்கு, மத்திய அரசு தியாகிகள் பென்ஷன் அறிவித்தது. குறைந்தது ஆறு மாசம் ஜெயிலில் இருந்திருக்க வேண்டும். பெண்களுக்கும் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கும் அதைப் பின்னால் மூன்று மாசமாகக் குறைத்தார்கள். கல்கி 1954-லேயே காலமாகிவிட்டார். மிச்சமிருந்தவர்கள் கிழவர்களாகிப் பெட்டியைக் குடைந்தார்கள். நாற்பது வருஷமாக யாரிடமும் காட்டாமல் இருந்த அந்த ஆறு மாசத்துக்கு இப்போது அத்தாட்சி வேண்டும். ஜெயில் ஆபீஸில் போய், 'நான் இங்கே கைதியாக இருந்தேன் என்று ஒரு சர்ட்டிபிகேட் கொடுங்கள்' என்று கேட்டார்கள். பதிவேடு கிடைக்காதவர்கள், கூட இருந்த கைதிகளில் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று ஊர் ஊராக விசாரித்து, 'ஆமாம், இவர் என்னோடு உள்ளே இருந்தார்' என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தார்கள்.